வணிக ஞானி இராஜசந்திரர்

1891-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் பம்பாய்த் துறையில் வந்து இறங்கினார். அது மழைக்காலம், கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளத்திலும் ஒரு கொந்தளிப்பு விரைவில் எழ இருந்தது. அவரைப் பெற்ற அன்னையார், அவர் அயல்நாட்டில் இருந்தபோதே இறந்துவிட்டார். அச்செய்தியை மறைத்து வைத்திருந்த தமையனார், கரை சேர்ந்த பின்னரே அதனைக் கூறினார். துயரத்தை உள்ளடக்கிக்கொண்டு அவ்விளைஞர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா என்பாருடைய இல்லத்தில் தங்கினார். அவ்விளைஞரே மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

அவ்வில்லத்தில் காந்தியடிகளுக்கு ஒருவர் அறிமுகமானார். அவர் டாக்டர் மேத்தாவின் தமையனார்க்கு மருகர், வைரமும் முத்தும் விற்கும் வணிக நிலையத்தில் பங்காளி, கவிஞர். ஆண்டில் காந்தியடிகளுக்கு ஏறத்தாழ இரண்டே வயது மூத்தவர். "இவர் நினைவாற்றல் மிக்கவர், வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்" என்றார் மேத்தா. காந்தியடிகளும் விட்டுவிடவில்லை. தமக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, வரிசையாகப் படித்துக் காட்டினார். ஆங்கிலக் கல்வியே பெறாத அவ்வணிகர், கேட்ட சொற்கள் அனைத்தையும் கேட்ட முறை பிறழாமல் திருப்பிச் சொன்னார்.

காந்தியடிகள் வியந்தார், ஆயினும் மயங்கவில்லை. அவரை ஆட்கொண்டவை வேறு. அவ்வணிகரின் நூலறிவும், மாசற்ற ஒழுக்கமும், தம்மைத் தாம் உணரவேண்டும் என்ற தணியாத வேட்கையுமே அவை. அவரே இராயசந்த். பிற்காலத்தார் அவரை ஸ்ரீமத் இராஜசந்திரர் என்று போற்றலாயினர். காந்தியடிகள் மட்டும் இறுதிவரை 'இராயசந்த் பாய்' என்றே அழைத்தார். 'பாய்' என்பது குஜராத்தி மொழியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்லாகும்.

இராஜசந்திரர் 1867-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், கார்த்திகை முழுமதி நாளில் பிறந்தார். பிறந்த ஊர் வவாணியா. சௌராட்டிரத்தில் மோர்பி நகருக்கு அண்மையில் உள்ள சிறு துறைமுகப் பட்டினம். தந்தையார் ரவ்ஜி பாய், அன்னையார் தேவபாய். பாட்டனார் கண்ணன்பால் பேரன்பு பூண்டவர். அன்னையாரோ சமண நெறியில் வளர்ந்தவர். ஆதலின் சிறுவனின் காதில் கண்ணன் பாட்டும் விழுந்தது. எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யற்க என்னும் சமண அறமும் விழுந்தது. அவ்விரண்டனுள் உயிர்களிடத்துக் காட்டும் அருளே தம்மைச் சமண நூல்களின்பால் மெல்ல ஈர்த்ததென்று அவர் பின்னாளில் எழுதியுள்ளார்.

அவருடைய ஏழாம் வயதில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. அவ்வூரில் அமீசந்து என்பவர் சிறுவனிடம் மிக்க அன்புடையவர். திடகாத்திரமான அம்மனிதர் ஒருநாள் பாம்பு கடித்து மாண்டார். "மாண்டார் என்றால் என்ன?" என்று சிறுவன் பாட்டனாரைக் கேட்டான். குழந்தையிடம் இதைப் பேசலாகாது என்று பாட்டனார் பேச்சை மாற்ற முயன்றார், சிறுவன் விடவில்லை. உயிர் உடலை விட்டுப் பிரிந்துவிட்டது, இனி அவர் பேசமாட்டார், உண்ணமாட்டார், உடலைக் குளத்தங்கரையில் எரித்துவிடுவர் என்று சொல்லவேண்டியதாயிற்று. சிறுவன் ஒருவரும் அறியாமல் குளத்தருகே சென்றான்; ஒரு கருவேல மரத்தின்மேல் ஏறினான்; எரியும் சிதையைக் கண்டான். அன்பாகப் பேசிய ஒருவரை, அவருடைய சுற்றத்தாரே நெருப்பிலிடுகின்றனர்; அப்படியானால் இவ்வளவு நாளும் பேசியது யார்? சிந்தனை ஆழ ஆழத் திரை ஒன்று விலகியதுபோல் ஆயிற்றென்றும், முற்பிறவிகள் நினைவுக்கு வந்தனவென்றும் அவர் வரலாறு கூறும். மணிமேகலையின் கதையைப் படித்த நமக்குப் பழம்பிறப்பு உணர்தல் என்பது புதிய செய்தியன்று. அதனை நம்புவாரும் உளர், நம்பாதாரும் உளர். ஆயினும் ஏழு வயதில் அம்மரக்கிளையில் பிறந்த வினா அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை என்பதில் ஐயமில்லை.

பள்ளிப் பாடங்களை அவர் இரண்டே ஆண்டுகளில் கற்று முடித்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையாரின் கடையில் அமர்ந்தார். அந்நாள்களைப் பற்றி அவர் தம் இருபத்திரண்டாம் வயதில் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. கடையில் இருந்துகொண்டே எத்தனையோ நூல்களைப் படித்தேன், பாக்கள் புனைந்தேன் என்று கூறுபவர், எவருக்கும் விலையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை, எடையைக் கூட்டியோ குறைத்தோ நிறுத்ததில்லை என்பதனையும் அதனுடன் சேர்த்தே சொல்கின்றார். பாப் புனைந்ததையும் சரியாக நிறுத்ததையும் ஒரே தட்டில் வைத்து எண்ணிய உள்ளம் அது.

பதினாறாம் வயது முடிந்த சில திங்களில் 'மோட்சமாலை' என்னும் உரைநடை நூலை எழுதினார். செபமாலையில் மணிகள் 108. இந்நூலிலும் பாடங்கள் 108. பெண்கல்வியை வலியுறுத்திப் பெண்கள் பாடுதற்கேற்ற பாடல்களும் அக்காலத்திலேயே இயற்றி வெளியிட்டார்.

அவர் புகழ் நாடெங்கும் பரவியது அவதானத்தினால். பல செய்திகளை ஒரே காலத்தில் கருத்திற்கொண்டு, ஒன்றனோடொன்று குழப்பாமல் விடை கூறும் கலையே அவதானம் ஆகும். தமிழ்நாட்டில் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டில் சென்னையில் நூறு அவதானம் செய்து காட்டியதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். மோர்பி நகரில் ஒரு பண்டிதர் எட்டு அவதானம் செய்வதை ஒருமுறை கண்ட இராயசந்த், தாமும் முயன்று பன்னிரண்டு செய்தார். பின்னர் ஐம்பத்திரண்டு செய்தார். 1887-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பம்பாய் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் நூறு அவதானமும் செய்து காட்டினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. செய்தித்தாள்கள் எழுதின, கற்றோர் பாராட்டினர், ஐரோப்பாவுக்குச் சென்று இக்கலையைக் காட்டுமாறு அழைப்பும் வந்தது என்பர்.

அவர் செல்லவில்லை. செல்லாதது மட்டுமன்று, சில காலத்திற்குள் அவதானம் செய்து காட்டுவதையே அடியோடு விட்டுவிட்டார். பிறர் வியக்கும் ஆற்றலும் ஒருவகைச் செல்வமே. அதன்மேல் வைத்த பற்று, பொன்மேல் வைத்த பற்றினும் வலியது. தம்மை அறியும் முயற்சிக்கு அது தடையாகும் என்று அவர் கருதினார். இருபது வயதில் புகழை வேண்டாவென்று தள்ளுவது எளிய செயலா என்பதனை, மாணவர்களே, நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1888-ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. மனைவியார் பெயர் ஜபக்பாய். அடுத்த ஆண்டு முதல் ரேவாசங்கர் ஜகஜீவன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து பம்பாயில் மணி வாணிகம் நடத்தினார். கொடுக்கல் வாங்கல் இலட்சக்கணக்கில் நடந்தது. முத்தின் நீரோட்டத்தையும் வைரத்தின் குற்றத்தையும் கண்டறிவதில் அவர் வல்லவர். வாணிகத்தில் எழும் எந்தச் சிக்கலும் அவருக்கு அரிதாக இருந்ததில்லை. ஆயினும் அவருடைய மேசைமேல் கணக்கேட்டுடன் ஒரு சமய நூலோ, தம் எண்ணங்களை எழுதும் குறிப்பேடோ எப்போதும் கிடக்கும். பேரம் முடிந்தது என்றால், மறுகணமே கை அந்நூலைத் திறக்கும். பெரும்பொருள் பற்றிய பேச்சை முடித்த வாயினால் உயிரின் இயல்பைப் பற்றி எழுதத் தொடங்கும் ஒருவரை வணிகர் என்பதா, ஞானி என்பதா? காந்தியடிகள் இதனை நேரிற் கண்டவர். அவர் உள்ளம் எங்கே இருந்தது என்பதற்கு அந்த ஏடே சான்று என்றார்.

அவருடைய நேர்மையைப் பற்றி வழங்கும் கதைகள் பல. அவற்றுள் ஒன்று இது. குறித்த விலைக்கு வைரங்களைத் தருவதாக ஒரு வணிகர் அவரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் வைரத்தின் விலை ஏறிவிட்டது. சொன்னபடி கொடுத்தால் அவ்வணிகரின் குடும்பமே தெருவில் நிற்கும். இராஜசந்திரர் தாமே அவர் வீடு தேடிச் சென்று, ஒப்பந்தச் சீட்டை அவர் கண்முன் கிழித்தார். தமக்கு வேண்டியது பாலேயன்றிப் பிறர் குருதியன்று என்று கூறித் திரும்பினார்.

காந்தியடிகளுக்கும் அவருக்கும் உரையாடல்கள் பல நிகழ்ந்தன. ஒருமுறை காந்தியடிகள், இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக விளங்கிய கிளாட்ஸ்டன் என்பாருக்கு அவருடைய மனைவியார் பாராளுமன்றத்திலேகூடத் தேநீர் ஆக்கிக் கொடுத்ததைச் சொல்லி, அவ்வன்பைப் பாராட்டினார். இராஜசந்திரர் அமைதியாக ஒரு வினா எழுப்பினார். அப்பணியை மனைவியன்றி ஒரு தங்கையோ வேலைக்காரரோ அதே கருத்துடன் செய்திருந்தால் இவ்வளவு பாராட்டுவீரா? இவற்றுள் எது உயர்ந்தது? இக்கேள்வி முதலில் காந்தியடிகளுக்குக் கடுமையாகத் தோன்றியது. ஆயினும், உறவு கருதாமல் செய்யும் பணி ஆயிரம் மடங்கு உயர்ந்தது என்ற எண்ணம் அன்றே அவர் நெஞ்சில் வேரூன்றியது.

1893-ஆம் ஆண்டில் காந்தியடிகள் ஒரு வழக்கின்பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே அவருடைய வாழ்வில் ஒரு சோதனை ஏற்பட்டது. பிரிட்டோரியாவில் அன்புமிக்க கிறித்தவ நண்பர்கள் அவரைத் தம் சமயத்திற்கு அழைத்தனர். முசுலிம் நண்பர்களும் தம் சமயத்தின் பெருமையை எடுத்துரைத்தனர். தாம் பிறந்த சமயத்திலோ தீண்டாமை என்னும் தீமை இருந்தது. அஃது எங்ஙனம் அறமாகும் என்று அவர் உள்ளம் கேட்டது. எங்கே நிற்பது, எங்கே செல்வது என்று தெளியாத அந்நிலையில், கடல் கடந்து இராயசந்துக்கு அவர் எழுதினார். அவர் விடுத்த வினாக்கள் இருபத்தேழு. உயிர் என்பது யாது? கடவுள் யார்? வீடுபேறு என்பது என்ன? இராமனையும் கண்ணனையும் நம்பினால் வீடு கிடைக்குமா? இங்ஙனம் சென்ற வினாக்களுள் இறுதியானது இது: என்னைப் பாம்பு கடிக்க வருகின்றது, கடிக்க விடுவதா, கொல்லுவதா?

1894-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் விடை எழுதப்பெற்றது. ஒரு காலத்தில் பாம்பு கடித்து மாண்டவரின் சிதையைக் கருவேல மரத்திலிருந்து கண்ட சிறுவனே இப்போது இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர். அவர் கூறியதன் கருத்து வருமாறு. கடிக்க விடுங்கள் என்று உமக்குச் சொல்ல எனக்குத் தயக்கமாகவே உள்ளது. ஆயினும் உடல் அழியக்கூடியது என்பதனை நீர் உண்மையாகவே உணர்ந்திருப்பின், அவ்வுடலைக் காப்பதற்காக, தன் உடலைப் பெரிதும் விரும்பி வாழும் மற்றோர் உயிரைக் கொல்வது எங்ஙனம் தகும்? உயிர்நலம் நாடுவோர் அந்நிலையில் உடலை விடுதலே முறை. அந்நாட்டம் இல்லாதவர் என் செய்வது என்று கேட்பின், கொல்லுக என்று அவருக்கும் நான் எங்ஙனம் கூறுவேன்?

இவ்விடையின் நேர்மையைக் கவனித்தல் வேண்டும். முடியாததைச் செய் என்று அவர் கட்டளையிடவில்லை. தயங்குகிறேன் என்றே தொடங்குகின்றார். ஆனால் கேட்டவர் மனம் மகிழும்பொருட்டு அறத்தை வளைக்கவும் இல்லை. இவ்விடையை எல்லோரும் ஏற்பர் என்று கூறவியலாது. காந்தியடிகளே பின்னாளில், பாம்பு நிறைந்த இடங்களில் ஆசிரமம் அமைத்து வாழ்ந்தபோது, இதே வினாவோடு பல்லாண்டுகள் போராடினார்.

மற்ற ஐயங்களுக்கும் விடை வந்தது. பொறுமையோடு இரும், பிறந்த சமயத்தின் நூல்களை இன்னும் ஆழ்ந்து பயிலும் என்பதே அதன் சாரம். நூல்களும் உடன் வந்தன. பஞ்சீகரணம், மணிரத்தினமாலை, யோகவாசிட்டத்தின் முமுட்சுப் பிரகரணம், அரிபத்திர சூரியின் சட்தரிசன சமுச்சயம் ஆகியவை அவை. இவற்றுள் இறுதியது ஒன்றே சமண ஆசிரியர் இயற்றியது. ஏனையவை வேதாந்தம் கூறுவன. கலங்கி நின்ற நண்பரைத் தம் சமயத்திற்கு இழுத்துக்கொள்ள எண்ணியிருந்தால் இராஜசந்திரர் வேறு நூல்களை அனுப்பியிருப்பார். சமயப் பிரிவுகள் மக்களை அடைத்து வைக்கும் மதிற்சுவர்கள் போன்றவை. வீடுபேற்றை நாடுவோன் அவற்றுள் அடைபட வேண்டியதில்லை என்பதே அவர் கொள்கை. உடம்பெங்கும் ஈட்டியால் குத்தினாலும் பொறுத்துக்கொள்ளலாம், சமயத்தின் பெயரால் நடைபெறும் பொய்யைப் பொறுக்கவியலாது என்று அவர் சொல்வதுண்டாம்.

அவருடைய கொள்கை முழுவதையும் ஒரு சிறு நூலில் காணலாம். அதன் பெயர் 'ஆத்மசித்தி'. 1896-ஆம் ஆண்டு, நடியாத் என்னும் ஊரில் ஒருநாள் மாலைப்பொழுது. சோபாக்பாய் என்னும் அன்பரின் வேண்டுகோள் அவர் நினைவில் இருந்தது. எழுத அமர்ந்தார். அம்பாலால் என்னும் மாணவர் கையில் விளக்கேந்தி அருகே நின்றார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் 142 பாக்கள் நிறைவெய்தின. மாணவன் ஐயங்களை எழுப்ப, ஆசிரியர் தெளிவிப்பதாக அந்நூல் குஜராத்தி மொழியில் அமைந்துள்ளது.

அதில் நிலைநாட்டப்படும் உண்மைகள் ஆறு. உயிர் என்று ஒன்று உண்டு. அது என்றும் உள்ளது. அதுவே வினைகளைச் செய்கின்றது. செய்த வினையின் பயனை அதுவே நுகர்கின்றது. வினையினின்று விடுபடும் வீட்டுநிலை உண்டு. அந்நிலையை அடைய வழியும் உண்டு. இவற்றுள் முதலாவதே அடிப்படை. உயிரைக் கண்ணால் காணவில்லையே, அஃது இல்லையென்றால் என்ன என்று மாணவன் கேட்கின்றான். அங்ஙனம் ஐயுறுவது யார் என்று ஆராய்ந்து பார் என்கிறார் ஆசிரியர். விளக்கின் ஒளியில் அறையிலுள்ள பொருள்களையெல்லாம் எண்ணிவிட்டு விளக்கை எண்ண மறப்பவனைப்போல, அறியப்படும் பொருள்களையெல்லாம் ஒப்புக்கொள்கின்றவன் அறிகின்ற தன்னை மறக்கின்றான்.

வினைப்பயனைக் கொடுக்க ஒரு கடவுள் வேண்டுமோ என்பது மற்றோர் ஐயம். வேண்டா என்பது சமணர் கொள்கை. நஞ்சு தன்னை உண்டவன் நல்லவனா தீயவனா என்று கேட்பதில்லை. தன் இயல்பினாலேயே பயன் தருகின்றது. வினையும் அவ்வாறே. ஆதலின் தன் விடுதலைக்கும் தானே பொறுப்பாவான். அதற்கு வழிகாட்டுதற்கு மெய்யுணர்ந்த ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

இருதிறத்தாரை அந்நூல் கண்டிக்கின்றது. நோன்பும் சடங்கும் செய்வதோடு நின்று, உள்ளத்தில் மாற்றமின்றி இருப்போர் ஒரு திறத்தார். கட்டும் வீடும் வெறுங்கற்பனை என்று நூல்களைக் காட்டிப் பேசிக்கொண்டே ஆசையில் உழல்வோர் மற்றொரு திறத்தார். முன்னவரிடம் அறிவில்லை, பின்னவரிடம் ஒழுக்கமில்லை. இவ்விரண்டாவது திறத்தார் அக்காலத்தில் மட்டும் இருந்தாரல்லர்.

துறவு பூண்டவரே குருவாதற்குரியர் என்பது சமணரிடையே நெடுங்கால மரபு. இல்லறத்தில் உள்ளோரைச் சாவகர் என்று நம் பழந்தமிழ் நூல்கள் குறிப்பிடும். சாவகர் முனிவரை வணங்குதலே முறை. அவ்வாறிருக்க, லல்லுஜி என்னும் சமண முனிவர், தலைப்பாகை அணிந்து கடை நடத்திய இராஜசந்திரரைத் தம் ஆசிரியராகக் கொண்டு வணங்கினார். சமணர் பலர் சினந்தனர். கூட்டத்தாரின் வெறுப்பை அம்முனிவர் நெடுநாள் தாங்கவேண்டியிருந்தது. இராஜசந்திரருக்கும் இது வருத்தமே தந்தது. வாணிகமும் துறவுள்ளமும் ஒன்றோடொன்று மோதுவதை அவர் தம் கடிதங்களில் மறைக்கவில்லை. ஆண்டுதோறும் சில காலம் பம்பாயை விட்டு நீங்கி, ஈடர் மலைகளிலும் சரோதர்ப் பகுதிச் சிற்றூர்களிலும் தனித்து வாழ்ந்தார்.

1900-ஆம் ஆண்டில், பழைய சமண நூல்களை அச்சிட்டுப் பரப்புவதற்கென்று பரமசுருத பிரபாவக மண்டலம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவர் பெயரால் வெளிவந்த நூல்வரிசையில் குந்தகுந்த ஆசிரியரின் பிரவசனசாரமும் ஒன்று. குந்தகுந்தர் தவம் செய்த இடமாக மரபு கூறுவது வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையாகும்.

அதற்குள் உடல் நலிந்துவிட்டது. மருத்துவம் பயனளிக்கவில்லை. 1901-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள், இராஜகோட்டையில் இராஜசந்திரர் உடல் நீத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. லல்லுஜி முனிவரின் முயற்சியால் 1920-ஆம் ஆண்டில் குஜராத்தின் அகாஸ் என்னும் ஊரில் அவர் பெயரால் ஆசிரமம் ஒன்று எழுந்தது.

தம் வாழ்வில் ஆழமாகத் தடம் பதித்தவர் மூவர் என்று காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் குறிப்பிட்டுள்ளார். உருசியப் பேரறிஞர் டால்ஸ்டாயும், ஆங்கில அறிஞர் இரஸ்கினும் தம் நூல்களின் வாயிலாகப் பதித்தனர். இராயசந்த் பாய் ஒருவரே நேரிற் பழகிப் பதித்தவர். ஆயினும் அவரைத் தம் குருவாகக் காந்தியடிகள் ஏற்கவில்லை. முழுநிறைவு பெற்ற ஒருவருக்கென்று வைத்த அவ்விருக்கை தம் நெஞ்சில் வெறுமையாகவே உள்ளது என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். எத்துணைப் பெரிய அன்பும் அவரை மிகைபடப் பேசச் செய்யவில்லை.

பல்லாண்டுகள் கழிந்தபின் எரவாடாச் சிறையில் இருந்தபோது, இந்நண்பரைப் பற்றிய நினைவுகளைக் காந்தியடிகள் எழுதத் தொடங்கினார். அவர் விளக்கிய நினைவுகளுள் ஒன்று மிகச் சிறியது. ஒருநாள் பம்பாயில் இருவரும் உயிர்களிடத்துக் காட்டும் அருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். தோலைப் பயன்படுத்தலாமா என்ற வினா எழுந்தது. உழவு முதலிய தொழில்களுக்குத் தோல் இன்றியமையாதது என்பதனை இருவரும் ஒப்பினர். தலையிலேனும் தோலை அணியாதிருக்கலாமே என்றார் இளைஞராகிய காந்தியடிகள். தம் நண்பரின் தொப்பியைப் பார்க்கவும் சொன்னார். அதன் உட்புறத்தில் ஒரு தோல் வார் தைக்கப்பட்டிருந்தது. எதனை அணிகிறோம் என்பதைக் கருதாத இராஜசந்திரர் அன்றுவரை அதனைக் கண்டதில்லை. அதை வைத்துத் தைத்தவன் கடைக்காரன் என்றோ, தமக்குத் தெரியாது என்றோ அவர் வாதாடவில்லை. நூறு அவதானம் செய்த அவர், வயதில் இளைய நண்பரின் சொல்லைக் கேட்டு, தொப்பியைக் கழற்றி அவ்வாரை அப்போதே பிய்த்தெடுத்தார்.